தர்சிகாவின் இடது கண்

எழுத்து எனக்குத் தொழில் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் கிளிநொச்சியில் நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்த கலை நிலையத்தில் சிற்பம் படித்து வெளியேறிய எல்லோரும் களிமண்ணை அடித்துப் பதமாக்க என்னிடம்தான் பழகினார்கள். இன்று சித்திர ஆசிரியர்களாக இருப்பவர்களும் கொழும்பில் கண்காட்சி வைப்பவர்களும் அதில் அடக்கம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் சுதன் போன மாதம் போன் எடுத்தார்.

"தருமண்ணை, அச்சை உடைக்கேக்க மூக்கும் சேந்து போகுது. என்ன செய்யிறது?"

"முதல் பூச்சுக்குச் சலவை நீலம் கலந்தனீரோ?"

"இல்லை."

"பிறகு எப்பிடி ஐசே மூக்கு மிஞ்சும்?"

அவர் சிரித்துவிட்டு அடுத்த கதைக்கு வந்தார். மாணவர்கள் கண்காட்சியோடு ஒரு புத்தகம் போடுகிறார்களாம். பழைய ஆட்களின் அனுபவமும் வேண்டுமாம். "நாலு பக்கம் எழுதித் தாங்கோ அண்ணை. பிள்ளையளுக்கு உதவும்."

நான்கு பக்கம் எழுதினேன். எந்தெந்தக் கோயிலில் என்னென்ன சிலை செய்தேன், எந்தச் சந்தியில் எந்த வளைவு கட்டினேன் எல்லாம் வந்தன. என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்த இருப்பில் வாசித்தாள். முடித்ததும் தாள்களைத் தட்டி அடுக்கி என் கையில் தந்தாள்.

"எல்லாம் சரி. அந்தப் பூநகரிப் பிள்ளையைக் காணேல்லை."

அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப்போட்டு இதை எழுதுகிறேன்.

பதினாறு வயதில் ஒரு சிற்பாசாரியாரிடம் போய்ச் சேர்ந்தேன். எட்டு வருடம் அவரிடம் இருந்தேன். அந்த எட்டு வருடத்தில் நான் படித்தது ஒரே ஒரு முகம். அம்மனுக்கும் அந்த முகம்தான், முருகனுக்கும் அந்த முகம்தான், பெரிய மீசை வைத்தால் அதுவே காவல் தெய்வம். நெற்றி எத்தனை விரல், மூக்கு எத்தனை விரல் என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. அளவு பிழைத்தால் ஆசாரியார் கரண்டிப் பிடியால் விரல் மொளியில் ஒன்று போட்டுவிட்டு, நாங்கள் செய்ததைத் தன் கையாலேயே திருத்துவார். அதுதான் எங்கள் படிப்பு.

கண்ணை மட்டும் கடைசி வரைக்கும் யாருக்கும் விடமாட்டார். எல்லோரையும் சாரத்திலிருந்து இறக்கிவிட்டு, சாக்கால் மறைப்புக் கட்டி, தனியே இருந்துதான் வெட்டுவார். இரண்டு கண்ணும் ஒரு நூலில் நிற்க வேண்டும். ஒரு கண் மயிரளவு தாழ்ந்தாலும் ஊருக்குக் கூடாது என்பார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு அந்த வேலையை எனக்குத் தந்தார். மூத்தவர்கள் மூன்று பேர் இருக்க எனக்குத்தான் தந்தார். யுத்தம் முடிந்து கோயில்களை எல்லாம் திருப்பிக் கட்டிய காலத்தில் வன்னி முழுக்க என் கைதான் கண் வெட்டியது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் பஸ்ஸில் போனால் வழி நெடுக நான் வெட்டிய கண்கள் நிற்கும். பக்கத்தில் இருப்பவருக்கு விரலால் காட்டிக்கொண்டு போவேன்.

முழங்கால் சாரத்தில் ஏற மறுத்த பிறகுதான் கலை நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டேன். சிற்பப் பட்டறைக்கு ஓர் உதவியாளர் தேவை என்று ஒரு கோயில் ஐயர் சொல்லியிருந்தார்.

சிற்பப் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு மிஸ் இருந்தார். நேர்முகத்துக்கு என்று போனால் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கட்டி மண்ணைத் தந்து ஒரு காது செய்யச் சொன்னார். பத்து நிமிடத்தில் செய்து வைத்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது ஆரின்ர காது அண்ணை?"

"காது காதுதானே மிஸ்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலை தந்தார்.

மிஸ் நடப்பதைப் பார்த்தால் விறைப்பான ஆள் என்று நினைப்பீர்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பட்டறைக்குள் வருவார். வலது கை மணிக்கட்டை இடது கை பிடித்திருக்கும். ஒரு மாணவரின் வேலைக்கு முன்னால் கால்மணி நேரம் அப்படியே நிற்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். அதோடு அடுத்த ஆளிடம் போய்விடுவார். பத்துப் பதினைந்து வருடம் படிப்பித்தவர், ஒரு மாணவரின் மண்ணில் அவர் விரல் பட்டதை நான் கண்டதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்.

"என்ர கை உங்கட மண்ணில பட்டா அது என்ர வேலை. நீங்கள் பெயிலாகிற நிலை வந்தாலும் நான் தொடன்." பிறகு என் பக்கம் திரும்புவார். "அண்ணை, உங்களுக்கும் அதுதான்."

எனக்கு இது பைத்தியக்கார வேலையாகத் தெரிந்தது. செய்து காட்டத் தெரியாதவர்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பிள்ளைகளும் என்னைச் சும்மா விடமாட்டார்கள். "அண்ணை, இந்தச் சுண்டுவிரல் ஒருக்கா" என்று கெஞ்சினால் எனக்கு மறுக்கத் தெரியாது. மிஸ் அந்தப் பக்கம் போனதும் ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பேன். ஒருநாள் அப்படி ஒரு விரல் பிடிபட்டது. மிஸ் சத்தம் போடவில்லை. அந்த மாணவனைக் கொண்டே விரலை வெட்டி எறிய வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "அந்த விரல் நல்லா இருந்தது அண்ணை. அதுதான் பிழை" என்றார்.

அந்தக் கதையை இரண்டு நாளில் மறந்துவிட்டேன். "நல்லா இருந்தது" என்று அவர் சொன்னது மட்டும் ஞாபகத்தில் நின்றது.

தர்சிகா பூநகரியிலிருந்து வந்த பிள்ளை. தகப்பன் களப்பில் இறால் பிடிப்பவர். பஸ் சீரில்லாத இடம் என்பதால் ஒன்பது மணிக்குப் பிறகுதான் வந்து சேருவாள், மூன்று மணிக்கே ஓடிவிடுவாள். இடையில் இருக்கும் நேரத்தில் தலை நிமிராமல் வேலை செய்வாள். பிறந்த நாளிலிருந்தே அவளுக்கு இடது கண்மடல் பாதி மூடியபடி இருக்கும். பார்வையில் ஒரு குறையும் இல்லை. மடல் மட்டும் எழும்பாது. வகுப்பில் இடது பக்கச் சுவரோரம்தான் இருப்பாள், அந்தப் பக்கம் வேறு ஆள் வராமல். யாராவது போனில் படம் எடுத்தால் முகத்தைத் திருப்பி வலது பக்கத்தைக் கொடுப்பாள்.

கடைசி வருடத்துக்கு எல்லோருக்கும் ஒரே வேலை. கண்ணாடியைப் பார்த்துத் தன் தலையைத் தானே, உள்ளபடி உள்ள அளவில் செய்ய வேண்டும். பரீட்சையில் சித்தியடைவது அந்த ஒரு வேலையில்தான்.

அவள் முதல் செய்த தலையில் இரண்டு கண்ணும் ஒரேயளவில் விரிந்திருந்தன. கன்னம் வழுவழுவென்று படத்தில் வரும் பெண் மாதிரி. பக்கத்தில் வேலை செய்த நிசாந்தன் எட்டிப் பார்த்தான்.

"தர்சி, இது ஆர், உன்ர அக்காவோ?"

"எனக்கு அக்கா இல்லை."

"இருந்திருந்தா நான் ஒருக்கா வந்து பொம்பிளை கேட்டிருப்பன்."

"கேட்டிருந்தாலும் அவ உன்னைப் பாத்திருக்கமாட்டா."

பட்டறை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். மிஸ் வந்து நின்றார். "இவ ஆர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மத்தியானம் தர்சிகா கம்பியால் அந்தத் தலையை நறுக்கி என் மண்தொட்டிக்குள் போட்டாள்.

இரண்டாவது தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்து, தலைமயிர் இடது கண்ணில் விழுகிற மாதிரிச் செய்தாள்.

"தலைமயிருக்குப் பின்னால என்ன இருக்குது?" என்றார் மிஸ்.

"கண், மிஸ்."

"எனக்குத் தெரியேல்லையே பிள்ளை."

அதுவும் தொட்டிக்குள் போனது. மூன்றாவதில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மடலை இழுத்துத் தொங்கவிட்டு, வாயையும் கோணலாக்கி ஒன்றைச் செய்தாள். மிஸ் அன்றைக்குத்தான் அதிக நேரம் நின்றார். "இவவில உமக்கு என்ன கோவம்?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை அழுததை அன்றுதான் கண்டேன்.

தொட்டியில் மண்ணை ஊறவைத்து, வலையில் அரித்து, அடித்துப் பதமாக்கி, நனைந்த சாக்கில் சுற்றி அவளிடம் திருப்பிக் கொடுப்பது என் வேலை. மூன்றாம் முறை கொடுக்கும்போது என் புத்தியையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"பிள்ளை, கோயில் அளவைப் பிடி. ரெண்டு கண்ணையும் நூலில வை. பாஸ் பண்ணிப்போட்டுப் போ."

"அப்ப அது நான் இல்லையே அண்ணை."

"உன்னையும் அதையும் பக்கத்தில வைச்சு ஆர் பிள்ளை ஒத்துப் பாக்கப்போகினம்?"

"நான் பாப்பன்" என்றாள்.

நான்காவது தலைக்கு அவள் கண்ணாடியை எடுக்கவில்லை. இடது கை விரல்களைத் தன் கண்மடலில் வைத்துக்கொண்டு வலது கையால் மண்ணில் வேலை செய்தாள். தன் முகத்தைத் தடவுவாள், மண்ணைத் தடவுவாள், பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். மூன்று கிழமை அப்படிப் போனது. நிசாந்தன்கூடப் பகிடி விடவில்லை.

ஒரு சனிக்கிழமை மிஸ் வந்து அந்தத் தலைக்கு முன்னால் நின்றார். அன்று ஒரு விஷயத்தைக் கண்டேன். முதுகுக்குப் பின்னாலிருந்த அவருடைய வலது கை முன்னால் வந்தது. பாதித் தூரம் வந்து அந்தரத்தில் நின்று பழையபடி பின்னால் போய்விட்டது.

"போதும் பிள்ளை. இனி அச்செடுக்கலாம்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் பரீட்சை. வெளியிலிருந்து இரண்டு பேர் பார்க்க வருவார்கள். மிஸ் இடையில் இருந்த கிழமை முழுக்கக் கொழும்பில் கூட்டம் என்று கிளம்பிவிட்டார். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. அச்செடுக்கிற பிளாஸ்ரர் மா எங்கும் கிடைக்கவில்லை. தர்சிகாவின் தலைக்கென்று ஒரே ஒரு மூட்டைதான் மிச்சம். வைகாசி வெயிலில் மண் காதுக்குக் கீழே வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணை, அம்மாவுக்கு நேர்த்திக்கடன். திங்கள் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போயே ஆகோணும். அச்சை நீங்கள் எடுத்து வைப்பீங்களோ? மிஸ்ஸிட்டயும் கேட்டுட்டன்."

அச்சு எடுப்பதற்கு உதவியாளர் கை படலாம். அது நிலையத்தின் வழக்கம்.

"நான் எடுத்தா எறும்பு நடந்த தடமும் அச்சில விழும். நீ போயிட்டு வா பிள்ளை" என்றேன்.

அச்செடுக்கும் முறையைச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. மண் தலையில் காதுக்குப் பின்னால் பால்மாத் தகரப்பேணியின் தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வேலி மாதிரிக் குத்தி, தலையை முன் பாதி பின் பாதியாகப் பிரிப்போம். பிளாஸ்ரரைத் தண்ணீராகக் கரைத்து, சலவை நீலம் கலந்து, விரலால் விசிறி முகம் முழுக்க ஒரு மெல்லிய பூச்சு. அதன்மேல் வெள்ளையாகத் தடித்த பூச்சு. இறுகிய பிறகு இரண்டு பாதியையும் பிரித்து உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டும். மண் தலை துண்டு துண்டாகத்தான் வெளியே வரும். பிறகு அச்சைக் கழுவி, சவர்க்கார நுரை பூசி, மூடிக் கட்டி உள்ளே பிளாஸ்ரரை வார்ப்போம். கடைசியாக வெளி அச்சை உளியால் கொத்தி எடுக்கும்போது நீலம் தெரிந்தால் மெதுவாகப் போ என்று அர்த்தம். நீலத்துக்கு அடுத்தது முகம். இந்த முறையில் அச்சும் மிஞ்சாது, மண்ணும் மிஞ்சாது. வார்த்த ஒன்றுதான் மிச்சம்.

திங்கட்கிழமை காலை பட்டறையில் நான் மட்டும்தான். ஊரில் பாதிப் பேர் வற்றாப்பளையில். ஈரத்துணியை எடுத்தேன். தண்ணீர் தெளித்தேன். தகடுகளைக் குத்தி முடித்தேன். நீலத்தைக் கரைக்க வாளியை எடுத்தவன், வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த முகத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

பெருவிரலை அந்த இடது கண்மடலுக்குக் கீழே வைத்து மேலே தள்ளினேன். மண் இணங்கியது. பிறகு மூங்கில் கத்தியை எடுத்தேன். ஒரு நூலைப் பிடித்து வலது கண்ணின் மட்டத்தைப் பார்த்தேன். அந்த மட்டத்துக்கு இடது கண்ணைத் திறந்து, மேல்விளிம்பை அம்மனுக்கு வெட்டுகிற மாதிரி வளைத்து வெட்டினேன். கால்மணி நேரம் ஆகியிருக்கும். கை தன்பாட்டில் போனது. முடிந்ததும் நீலத்தைக் கரைத்து விசிறினேன். முதல் கைவிசிறல் நான் திருத்திய கண்ணில்தான் விழுந்தது. வேண்டுமென்றுதான் அங்கே விசிறினேன்.

புதன்கிழமை தர்சிகா வந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பையில் பொங்கல் பிரசாதம்.

"அண்ணைக்கெண்டு தனியக் கட்டிக்கொண்டு வந்தனான். அக்காவுக்கும் குடுங்கோ."

அதை வாங்கி வைத்தேன். நான் வார்த்து வைத்திருந்த அச்சை அவளே உளியால் கொத்தத் தொடங்கினாள். நாடியிலிருந்து மேலே போனாள். வெள்ளை உதிர்ந்தது, நீலம் உதிர்ந்தது. வாய் தெரிந்ததும் ஒரு சின்னச் சிரிப்பு. அது அவள் வாயேதான். மூக்கு வந்தது. வலது கண் வந்தது. பிறகு இடது பக்கம் கொத்தினாள். உளி நின்றது. தூரிகையால் தூசைத் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள்.

"இது என்ன அண்ணை?"

"மண் சரிஞ்சுபோச்சு பிள்ளை. நான் கொஞ்சம் நிமித்தி விட்டனான்."

"காய்ஞ்ச மண்ணோ சரிஞ்சது?"

காய்ந்த மண் வெடிக்கும், சரியாது என்று அவளுக்குப் பழக்கியவன் நான்.

"தண்ணி கூடத் தெளிச்சுப்போட்டன் போல" என்றேன்.

அவள் தன் கண்மடலைத் தொட்டாள். பிறகு தொட்டிப் பக்கம் போய், அச்சிலிருந்து நான் தோண்டிப் போட்ட மண் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கண் இருந்த துண்டு அதில் இல்லை. நான் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டேன். மத்தியானம் அரத்தை எடுத்து அந்தக் கண்ணை ராவிப் பார்த்தாள். ஏற்றி வெட்டிய விளிம்பு ராவினால் இறங்குமா? அரத்தை வைத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனாள்.

பரீட்சை நாள். தேத்தண்ணித் தட்டோடு நான் வாசலில் நிற்கிறேன். வந்த இரண்டு பேரில் வயதானவர் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தர்சிகா செய்த தலைக்கு முன்னால் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் கிட்டப் போனார்.

"முகம் ஒராளின்ர வேலை. இந்தக் கண் வேற ஆளின்ர வேலை. இது கோயில் கண். ஆர் வெட்டினது?"

தர்சிகா அந்தக் கண்ணையே பார்த்தாள்.

"சொல்லும் பிள்ளை. உம்மட கை இது இல்லை. ஆரைக் கொண்டு செய்வித்தனீர்?"

அவள் என்னைக் கை காட்டவில்லை. முகத்தை மட்டும் வாசல் பக்கம் திருப்பினாள். முழு முகத்தையும், இரண்டு கண்ணும் தெரியத் திருப்பினாள். கொழும்பிலிருந்து வந்து சேர்ந்திருந்த மிஸ்ஸும் திரும்பினார்.

"தருமண்ணை, நீங்கள் தொட்டனீங்களோ?"

என் வாழ்க்கையில் என் கை படாத வேலையைக்கூட என் கை என்று சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் காட்டிக்கொண்டு போன கண்களில் நாலைந்து என் ஆசாரியார் வெட்டியவை. அப்படிப்பட்டவன் அன்றைக்குச் சொன்னது இது:

"இல்லை மிஸ். அச்சு மட்டும்தான் நான் எடுத்தனான்."

தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவள் தலையை ஏற்றுக்கொள்ளவில்லை. வேறு ஆளின் கை பட்ட வேலை என்று எழுதினார்கள். ஆறு மாதம் கழித்துத் திருப்பிச் செய்யலாம் என்றார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் சித்திர ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் எடுத்து முடிந்துவிட்டது. நிசாந்தன் உட்பட அவளோடு படித்த எல்லோரும் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். அடுத்த நியமனம் வரும் வரைக்கும் மூன்று வருடம் அவள் பூநகரியில் இறால் கோது உடைத்தாள்.

சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், ஓய்வுக்கு ஒரு வருடம்தானே இருந்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. மிஸ் என்னை வேலையை விட்டுக் கலைத்திருக்கமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

ஐந்தாவது தலையைச் செய்ய தர்சிகா தனியே வந்தாள். பழைய இடத்திலேயே நின்றாள். நான் மண் அடித்துக் கொண்டுபோய் வைப்பேன். "மண் அண்ணை" என்று கேட்பாள், போதுமென்றால் "காணும் அண்ணை" என்பாள். வேறு பேச்சு இல்லை. அச்செடுக்கிற நாள் வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, நானே எடுக்கிறன். நீங்கள் கதவுக்கு வெளியில இருங்கோ. தெரியாட்டிக் கேக்கிறன்."

வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தேன். முழங்கால் வலித்தது. உள்ளேயிருந்து குரல் வரும்.

"நீலப் பூச்சு எவ்வளவு தடிப்பு?"

"நகத்தளவு."

"தகட்டு விளிம்பைத் துடைக்கோணுமோ?"

"ஓம், துடைச்சு விடு. இல்லாட்டிப் பிரியாது."

அந்தப் பக்கத்தால் போனவர்கள், "என்ன தருமண்ணை, வெளியில காவலோ?" என்று பகிடி விட்டார்கள். நானும் "ஓம், யானை வந்தாலும் எண்டு" என்று சிரித்தேன்.

அந்தத் தலைக்கு அவள் சித்தி பெற்றாள். நல்ல தலைதான். ஆனால் நான்காவது தலை இல்லை. நான்காவதை மண்ணில் கண்டவர்களுக்கு அது தெரியும்.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, என் கையைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றாமலே மனைவியிடம் இதைச் சொன்னேன். அவளிடம் மட்டும்தான் சொன்னேன்.

இப்போது எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று போன கிழமை கிளம்பினேன். இப்போது அவளுக்கு ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். மாங்குளத்தில் இறங்கிப் பஸ் மாறி, காட்டு ஓரமாகப் போகிற வழியில் இறங்கினேன். வகுப்பு யன்னல்களில் பிள்ளைகள் மண்ணில் செய்த யானைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு யானை, பக்கத்தில் செய்து வைத்த வீட்டைவிடப் பெரிது.

"வாங்கோ அண்ணை" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். சேலையில் நல்ல ஆசிரியை மாதிரி இருந்தாள். யானைகளைப் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "உந்தப் பெரியதைச் செய்தவன்ர வீட்டு வேலியை யானை ரெண்டு தரம் உடைச்சுப்போட்டுது. அவனுக்கு அது அவ்வளவு பெரிசுதான். நான் தொடேல்லை" என்றாள்.

சொல்ல வந்ததைச் சொன்னேன். குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. நான் உங்களைக் காட்டிக் குடுத்திருக்கலாம். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

நான் யன்னலில் காய்ந்த யானைகளைப் பார்த்தேன்.

"இஞ்ச வந்து ரெண்டு மாசத்தில இஞ்சையும் கதை வந்திட்டுது. 'ஆளைக் கொண்டு செய்விச்சுப் பிடிபட்ட பிள்ளை' எண்டு. ஒரு ரீச்சர் என்ர முகத்துக்கு நேரயே கேட்டவா. நான் என்னத்தைச் சொல்ல?"

"நான் எழுதிறன் பிள்ளை. புத்தகத்தில வரும். உன்ர பேரைப் போடாமல் எழுதிறன்."

"பேரைப் போடுங்கோ. என்ர முகம்தானே. ஆனா ஏன் வெட்டினீங்கள் எண்டதையும் எழுதோணும்."

"கோயில் பழக்கம் பிள்ளை. ஒரு கண் தாழ்ந்து நிண்டாக் கூடாது எண்டு கையில ஊறிப்போச்சு."

"மூண்டு வருசம் என்ர முகத்தில முழிச்சனீங்கள். கூடாதெண்டு ஒருநாளும் விலத்தி நடக்கேல்லையே."

"உனக்கு வடிவா இருக்கட்டும் எண்டு..."

"அதுவும் இல்லை அண்ணை."

மணி அடித்தது. எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டாள். "இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. அங்கால பஸ் ரெண்டரைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

ஆகவே எழுதுகிறேன். தர்சிகா யாரையும் கொண்டு எதையும் செய்விக்கவில்லை. என்னிடம் அவள் கேட்டது அச்சு ஒன்றுதான். அவள் இல்லாத நேரத்தில், அவளைக் கேட்காமல், அந்த இடது கண்ணை வெட்டியவன் நான். மிஸ் கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான். பரீட்சைக்கு வந்த அந்த ஐயா இதை வாசித்தால், அவர் கண்டது சரி, எழுதியது பிழை என்று அறிந்துகொள்ளட்டும்.

ஏன் என்பதை பஸ்ஸில் வரும்போதும் யோசித்தேன், இந்த மேசையில் இருந்தும் மூன்று நாளாக யோசிக்கிறேன். கோயில் பழக்கமும் இல்லை, இரக்கமும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை ஈரத்துணியை எடுத்தபோது அந்தப் பாதி மூடிய கண் என்னைப் பார்த்தது. இருபது வருடத்துக்கு மேல் கண் வெட்டியிருக்கிறேன். நான் வெட்டிய ஒரு கண்ணும் என்னைப் பார்த்ததில்லை, எல்லாம் என் தலைக்கு மேலால் எங்கேயோ பார்த்தபடிதான் நிற்கும். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, மண் அடிக்க என்னிடம் பழகியவள், எனக்கு வராத ஒன்றைச் செய்து வைத்துவிட்டு அம்மாவின் நேர்த்திக்குப் போயிருந்தாள். அந்த முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காதைப் பார்த்தேன், நாடியைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். அதில் எங்காவது என் கை இருக்கிறதா என்றுதான் தேடினேன். ஒரு இடத்திலும் இருக்கவில்லை.

அதனால்தான் என் கையை வைத்தேன்.